விளக்கு வைத்த பிறகு வெளியே போன கொசு

மாட்டுக் கொட்டாயின் பின்சுவரோடு ஒட்டி இளவரசி நிற்கிறாள். வாயில் ஒரு ரப்பர் குழாய். அதன் மறுமுனையில் கண்ணாடிக் குழல். இடது கையில் டார்ச் லைட். சுவரில் உட்கார்ந்திருக்கிற கொசுவின் மேல் குழலின் வாயை மெதுவாகக் கவிழ்க்கிறாள். மூச்சை ஒரு இழுப்பு. கொசு குழலுக்குள்.

குழலுக்கும் ரப்பருக்கும் நடுவில் வலைத்துணி இருக்கிறது. கொசு வாய்க்குள் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் மருமகள் கொசுவைத் தின்கிறாள் என்றே எங்கள் தெருவில் பாதிப் பேர் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

உடையார்பாளையத்திலிருந்து என் மகன் சேகரைக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேனே, அவள்தான் இவள்.

நான் பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். கப்பின் வாயில் வலைத்துணி கட்டி, நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டையில் பஞ்சு. பஞ்சை எடுத்துக் குழலை நுழைத்து ஒரு ஊது ஊதினால் கொசு கப்புக்குள் போய்விடும். மறுபடி பஞ்சு. அந்தப் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்திருந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"பெரம்பலூர் போற வரைக்கும் பசிக்குமே அத்தை."

கொசுவுக்குக் கட்டுச்சோறு. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கொட்டாய் வாசலில் செருமல் கேட்டது. என் மூத்தார் நின்றுகொண்டிருந்தார்.

மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். என் கணவர் போன பிறகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் அவர்தான் பெரியவர். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். அவர் சொல்ல வேண்டியதை நடுவில் இருக்கிற யாரிடமாவது சொல்வார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வேன்.

அன்றைக்கு மருமகளோடு பேசவும் அவருக்கு மனமில்லை. நடுவில் இருந்தது பசு மட்டும்தான். பசுவைப் பார்த்தே கேட்டார்.

"வூட்ல வெளக்கு வெச்சாச்சா?"

இளவரசி வாயிலிருந்து குழாயை எடுத்தாள். "வெச்சாச்சுங்க பெரிய மாமா."

"அப்ப அந்தக் குடுவையில என்ன போவுது?"

"கொசுங்க மாமா."

"எங்க போவுது?"

"ரோட்டுல ஆபீஸ் ஜீப் நிக்குது. அதுல பெரம்பலூருக்கு."

அவர் பசுவின் நெற்றியைத் தடவினார். "கேட்டியா லட்சுமி? வெளக்கு வெச்ச பொறவு உன் ரத்தத்தக் குடிச்ச கொசு ஊர விட்டுப் போவுதாம். ஜீப்புல."

கேட்டால் இல்லை என்போம்

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் சாமி மாடத்தில் விளக்கு ஏற்றிவிட்டால், அதன் பிறகு வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. உப்பு, மோர், ஊசி, ஒரு கை வெங்காயம் எதுவும். பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டால், பானை நிறைய இருந்தாலும், "இல்லியே அக்கா, காலைல வாங்க" என்போம். கேட்டவளுக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாளாம். மாட்டுக் கொட்டாய்க்கு இது இன்னும் கறார். விளக்கு வைத்த பிறகு கொட்டாயிலிருந்து ஒரு சாண உருண்டையைக்கூடத் தரமாட்டார்கள்.

ஆனால் இளவரசி தேடுகிற கொசு விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கொட்டாய்க்கு வருகிறது. பகலெல்லாம் வயலிலும் புதரிலும் கிடந்துவிட்டு, இருட்டத் தொடங்கியதும் மாட்டைத் தேடி வரும். வயிறு நிறையக் குடித்துவிட்டுச் சுவரிலும் கூரை ஓலையிலும் கயிற்றிலும் உட்கார்ந்து இளைப்பாறும். அப்போது பிடித்தால்தான் உண்டு. காலையில் வா என்று கொசுவிடம் சொல்ல முடியுமா?

கரப்பான் அறுத்த பிள்ளை

இளவரசி அரியலூர்க் காலேஜில் விலங்கியல் படித்தவள். பி.எஸ்ஸி. கரப்பான் பூச்சியை மெழுகுத் தட்டில் குத்தி வைத்து நரம்பைத் தனியாக எடுத்துக் காட்டுவாளாம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் அம்மா இதைப் பெருமையாகச் சொல்ல, எங்கள் பக்கம் வந்திருந்தவர்கள் முந்திரிப் பருப்பைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்கள். நான் மட்டும் தின்றேன். நல்ல பருப்பு.

கல்யாணத்துக்குப் பிறகு எல்லாரும் ஒரே பாட்டுதான். பி.எட். படி, டீச்சராகு. சேகருக்கும் அதுதான் ஆசை. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். பெண்டாட்டி ஸ்கூலுக்குப் போய் நாலு மணிக்கு வீடு திரும்பினால் நல்லது என்று நினைத்தான்.

இவள் மாட்டேன் என்றுவிட்டாள். பெரம்பலூரில் சுகாதாரத் துறையில் பூச்சிப் பிரிவுக்கு ஒப்பந்த ஆள் எடுக்கிறார்கள், உயிரியல் படித்திருந்தால் போதும் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் இன்டர்வியூ கொடுத்துவிட்டு வந்தாள். என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன்.

"இருட்டுல மாட்டுக் கொட்டாய்க்கு போவணும், பயமில்லியான்னு கேட்டாங்க அத்தை. மாடு என்ன பண்ணப் போவுது சார்னு சொன்னேன்."

வேலை கிடைத்தது. தெருவில் சிரிப்பும் கிடைத்தது. என் ஓர்ப்படி சரசு அக்கா, அதாவது மூத்தாரின் மனைவி, என் வீட்டு வாசலில் நின்றுகொண்டே, "மூணு வருசம் காலேஜுல படிச்சது கொசு புடிக்கவா? எங்க வூட்டுக்காரரு உக்காந்த எடத்துல கையாலயே அடிப்பாரே!" என்றாள்.

"அடிச்ச கொசு வேணாங்க பெரியத்தை. உசுரோட வேணும்" என்றாள் இளவரசி.

சேலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: விலங்கியல் படித்த என் மகளுக்கு டாக்டர், நர்ஸ், டீச்சர் தவிர வேறு வழி உண்டா என்று. நான் ஐந்தாவது வரை படித்தவள். எனக்கு எப்படித் தெரியும்? இளவரசியைக் கேட்டேன். குடிதண்ணீரைச் சோதிக்கிற இடம், ரத்தம் பார்க்கிற லேப், தடுப்பூசிப் பிரிவு, எந்த ஊரில் என்ன காய்ச்சல் பரவுகிறது என்று கவனிக்கிற பிரிவு, அவளுடையது போலக் கொசுவும் எலியும் பார்க்கிற பிரிவு என்று சொல்லிக்கொண்டே போனாள். பொதுச் சுகாதாரம் என்றே மேல்படிப்பு இருக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் தகுதி வேறு வேறு, விசாரித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றாள். அம்மா, உங்கள் பெண்ணை அனுப்புங்கள். யார் சிரித்தாலும் அனுப்புங்கள்.

அந்த வேலை என்னவென்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

"காய்ச்சல் வந்தவங்கள பாக்குறது டாக்டருங்க வேலை அத்தை. வராம இருக்க வழி பாக்குறது எங்க வேலை."

"வராதவங்க யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்ப யாரு வந்து உனக்கு நன்றி சொல்லுவா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்று சிரித்தாள். எனக்கு அந்தப் பெண்ணை அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போனது.

என் அம்மா கொடுத்த மோர்

இவள் குறிப்பாகப் பிடிக்க வந்த கொசு மூளைக்காய்ச்சலைப் பரப்புகிற ரகம். நெல் வயல் தண்ணீரில் முட்டையிடும். மாட்டைக் கடிக்கும், பன்றியைக் கடிக்கும், சில சமயம் பிள்ளைகளையும் கடிக்கும். எந்தக் கொட்டாயில் எந்த ரகம், எந்த மாதத்தில் கூடுகிறது என்று பார்த்துச் சொன்னால் முன்கூட்டியே பிள்ளைகளுக்கு ஊசி போடவும் மருந்து அடிக்கவும் ஏற்பாடு செய்வார்கள்.

மூளைக்காய்ச்சல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். சொன்னாள். கழுத்து விறைத்துக்கொள்ளும், வெட்டு என்கிற வலிப்பு வரும், நினைவு தப்பும் என்றாள். என் கையிலிருந்த கீரைக்காம்பு கீழே விழுந்தது.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். செல்வி. அப்போதுதான் நடை பழகியிருந்தாள். என் தாவணி வயதுக்கு முந்திய காலம். ஜெயங்கொண்டம் பக்கம் எங்கள் ஊர். வீட்டைச் சுற்றி நெல் வயல். மாடுகளை வீட்டு ஓரச் சார்ப்பிலேயே கட்டியிருப்போம்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். அவள் மாமியாருக்கு வயிறு சரியில்லை, ஒரு டம்ளர் மோர் வேண்டும் என்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு ஒரு டம்ளர் மோரை முந்தானையால் மூடி, பின்பக்கமாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் பார்த்தேன். என் அப்பாவின் அக்காவும் பார்த்துவிட்டார்.

மறுநாள் செல்விக்குக் காய்ச்சல். அடுத்த நாள் கழுத்து விறைத்துக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போவதற்குள் முடிந்துபோனது.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றுதான் கேட்டார்கள். "வெளக்கு வெச்ச பொறவு என்னாத்தக் குடுத்தா?"

அதன் பிறகு அம்மாவை எங்கள் வீட்டில் விளக்கேற்ற விடவில்லை. தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். தினமும் நான் ஏற்றுவேன். அம்மா அடுப்படி நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார். கிழவியாகிச் சாகும் வரை அவர் ஏற்றவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருடமும் விளக்கு வைத்த பிறகு ஒரு சிட்டிகை உப்பை யாருக்கும் கொடுத்ததில்லை. பக்தி இல்லை. பயம்.

இதை இளவரசியிடம் சொன்னேன். அவளும் கேள்வி கேட்டாள். ஆனால் வேறு கேள்விகள்.

"மாடு வூட்டுக்கு எவ்வளவு பக்கத்துல கட்டியிருந்தீங்க அத்தை? நடவு முடிஞ்ச நேரமா? பக்கத்து வூடுகள்ல வேற புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்துதா?"

வந்தது. கீழத்தெருவில் ஒரு பையனுக்கு வந்தது. அவன் வீட்டில் யாரும் மோர் கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் எனக்கு அவன் நினைவே வந்ததில்லை.

"அப்ப அது மூளைக்காய்ச்சல்தானா?" என்றேன்.

"இப்ப சொல்ல முடியாது அத்தை. நெறைய காய்ச்சல் அப்படி வரும். அன்னைக்கி யாராச்சும் ரத்தம் எடுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவள் என்பதால்தான் மறுநாள் சாயங்காலம் கப்பைப் பிடிக்க நான் அவள்கூடப் போனேன்.

பாலில் ரத்தம்

மூத்தார் பசுவோடு பேசிவிட்டுப் போன பிறகு, அந்த வாரத்துக்குள்ளேயே லட்சுமியின் மடி வீங்கியது. தொட்டால் உதைத்தது. காலையில் கறந்தால் ஒரு காம்பில் பால் சிவப்பாக வந்தது. சொம்பின் அடியில் நூல் நூலாக ரத்தம்.

பால் எடுக்க வந்தவர் சொம்பைப் பார்த்துவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் செய்தி தெருமுனை திரும்பிவிட்டது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். மடிநோய் என்றார். கறந்த பிறகு காம்பைக் கழுவாமல் ஈரத் தரையில் படுக்க விட்டால் வருவதுதான் என்றார். ஊசி போட்டார். மற்ற மூன்று காம்பும் தப்பித்தன. ஒன்று அடைத்தேபோனது.

ஆனால் தெரு வேறு விதமாகப் பேசியது. "ரத்தத்த வெளிய குடுத்தாங்கல்ல, இப்ப பால்ல ரத்தம் வருது பாரு." இதைவிடப் பொருத்தமாக யாராலும் சொல்ல முடியாது. நானே ஒரு இரவு முழுக்க அதை நினைத்துக்கொண்டு படுத்துக்கிடந்தேன். பயம் அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகாது.

ஒவ்வொரு கொட்டாயாகப் படல் சாத்தினார்கள். இளவரசி டார்ச்சோடு போனால், "மாடு மெரளுதும்மா," "வூட்டுல ஆம்பள இல்ல," "வெளக்கு வெச்சாச்சு." அவளுக்குப் பிரித்துக் கொடுத்த ஊர்களில் எங்கள் ஊர் முதல் ஊர். ஒரே கொட்டாய்களில் மாதாமாதம் பிடித்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். புகுந்த ஊரிலேயே கொட்டாய்க்குள் போக முடியாதவளுக்கு ஒப்பந்தத்தை நீட்டுவார்களா?

சேகர் ஷிப்டு முடிந்து வந்தவன், சாப்பிட்டுக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான். "பெரியப்பாவ பகைச்சிக்க முடியுமாம்மா? கெணறு பொதுக் கெணறு. மோட்டார் மொற அவரு சொல்றதுதான். அவள கொஞ்ச நாளு நிறுத்தச் சொல்லு."

இளவரசி கிணற்றடியில் கண்ணாடிக் குழலைக் கழுவித் துண்டில் சுற்றினாள்.

"நாளைக்கி ஆபீஸ்ல குடுத்துடுறேன் அத்தை. பி.எட்.டே படிக்கிறேன்."

அவள் அழுதிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். அழவில்லை. அடுப்படி நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் விளக்கேற்றுவதைப் பார்த்தாள்.

அப்படி நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற இன்னொருத்தியை என் பிறந்த வீட்டில் நான் பார்த்திருக்கிறேன்.

என்கிட்டயே சொல்லுங்க

மறுநாள் பொழுது சாயும் நேரம். மூத்தார் வாசலுக்கு வந்தார். கூடச் சரசு அக்கா. எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் வேலையாக நிற்பது போல நின்றார்கள். இளவரசி அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து பையை இறக்கியிருந்தாள். குழல் பையிலேயே இருந்தது. கொடுக்கப் போனவளுக்கு மனசு வராமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள்.

மூத்தார் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "சொல்லுடி அவகிட்ட. மாட்டுக்கு ஒரு காம்பு போச்சு. அடுத்தது மனுசரு. மருமவள வூட்ல இருக்கச் சொல்லு."

சரசு அக்கா என் பக்கம் திரும்பி, "அவரு சொல்றாரு..." என்று ஆரம்பித்தாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எத்தனையோ வருடமாக நின்ற இடம். கதவின் தாழ்ப்பாள் எந்த இடத்தில் துருப்பிடித்திருக்கிறது என்பது வரை எனக்குத் தெரியும். அந்தக் கதவை விட்டு வாசலுக்கு வந்தேன்.

"மாமா," என்றேன். "என்கிட்டயே சொல்லுங்க."

மூத்தார் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் பக்கத்து மின்கம்பத்தைப் பார்த்தார். கம்பத்திடமே பேசினார்.

"வெளக்கு வெச்ச பொறவு குடுக்கக் கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"சொன்னாங்க. எங்கம்மாவுக்கும் சொன்னாங்க. எங்கம்மா ஒரு டம்ளரு மோரு குடுத்துச்சு. அதுக்காவ சாவுற மட்டும் அத வெளக்குகிட்ட விடல. எந்தங்கச்சிக்கி என்னா காச்சலுன்னு ஒருத்தரும் பாக்கல மாமா. மோரத்தான் பாத்தாங்க."

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

"வெளக்கு நான் ஏத்துற வெளக்கு. மாடு எம்மாடு. காம்பு போனா எம்மாட்டுக் காம்பு. எங்கொட்டாயிலேர்ந்து நான் குடுக்குறேன். எம்மருமவ வேலைக்கிப் போவா."

"கெணத்துத் தண்ணி?" என்றார் கம்பத்திடம்.

"மொற வெச்சா மொறப்படி எறைச்சிக்கிறோம். மொற வெக்கலன்னா தலையில கொடம் தூக்கிட்டு வருவேன். எனக்குக் கழுத்து நல்லாத்தான் இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எதிர் வீட்டுப் பெண் என்று நினைக்கிறேன். மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்தேன். வழக்கமாக ஏற்றுகிற நேரம் இன்னும் ஆகவில்லை. முன்னதாகவே ஏற்றினேன். தெருவில் நிற்கிறவர்களுக்குச் சுடர் தெரியட்டும் என்று வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தேன். பிறகு இளவரசியின் பையைத் திறந்து குழலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"வா. லட்சுமி காத்துக்கிட்டு இருக்கா."

கொட்டாயில் இருட்டு இறங்க இறங்கக் கொசு வந்தது. சாய்ந்து வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்கிறது ஒரு ரகம், சுவரோடு படிந்து உட்கார்கிறது ஒரு ரகம். அவளுக்கு வேண்டியது படிந்து உட்கார்கிற ரகம். நான் டார்ச் பிடித்தேன். அவள் உறிஞ்சினாள். லட்சுமி ஒருமுறை வாலைச் சுழற்றி என் முகத்தில் அடித்தது. சரி, அதற்கும் ஒரு கருத்து இருக்கும்.

கப்பை இளவரசி வழக்கம்போலப் பைக்குள் வைக்கப் போனாள். நான் வாங்கிக்கொண்டேன். பையில் வைக்கவில்லை. முந்தானையால் மூடவும் இல்லை. உள்ளங்கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் நடந்தேன். உள்ளே கொசுக்கள் ஙொய்யென்று இரைந்தன. அன்றைக்கும் ஜீப் வருகிற நாள்; அது நிற்கிற இடம் வரை அப்படியே போனேன். டிரைவர், "என்ன ஆயா, நீங்களும் வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்றார்.

"ஆமாந்தம்பி. சம்பளம் இல்லாத வேலை" என்றேன்.

முந்தானை

மோட்டார் முறை இரண்டு தடவை தப்பியது. மூன்றாம் தடவை தானாக வந்தது. யார் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

படல்கள் ஒரே நாளில் திறக்கவில்லை. முதலில் வந்தது, நீங்கள் நம்ப மாட்டீர்கள், சரசு அக்காதான். ஒரு மத்தியானம் பின்பக்கமாக வந்து, "ஏண்டி பச்சையம்மா, எங்க கொட்டாயில ராவெல்லாம் கொசு புடுங்குது. மாடு படுக்கவே மாட்டேங்குது. உம்மருமவள வரச் சொல்லேன். அவரு டீக்கடைக்கிப் போற நேரத்துல" என்றாள்.

"வெளக்கு வெக்கிற நேரமாச்சேக்கா."

"அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். அவ புடிச்சி முடிக்கிற மட்டும் நான் வெளக்கு ஏத்தல. எடுத்துக்கிட்டு அவ வாசப்படி தாண்டினதும் ஏத்திக்கிறேன். கணக்குச் சரியாப் போச்சுல்ல?"

இந்த வழி தெரு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது ஜீப் வருகிற நாட்களில் எங்கள் தெருவே இருட்டாகக் கிடக்கும். இளவரசி ஒவ்வொரு கொட்டாயாக முடித்துக்கொண்டு வெளியே வர வர, பின்னால் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும். தெய்வத்தைக் கொஞ்ச நேரம் காக்க வைத்தால் தப்பில்லையாம். கொசு போவதுதான் தப்பாம். சிரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த வழியால்தான் அவளுக்கு வேலை நடந்தது. ஒப்பந்தத்தையும் நீட்டினார்கள். இப்போது பொதுச் சுகாதார மேல்படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். சேகர்தான் பஸ்ஸில் கூடப் போய் விசாரித்துவிட்டு வந்தான்.

ஆனால் நான் தள்ளி ஏற்றுவதில்லை. ஊரே இருட்டாகக் கிடக்கிற அந்த நாட்களில் என் வீட்டில் மட்டும் முன்னதாகவே விளக்கு எரியும். விளக்கு எரியும்போதேதான் என் கொட்டாயிலிருந்து கொசு போகும். ஏன் இந்த வீம்பு, நீயும் மற்றவர்களைப் போலக் கொஞ்சம் பொறுத்து ஏற்றினால் என்ன என்று கேட்கிறார்கள். தள்ளி ஏற்றினால் என் அம்மா செய்தது தப்பு என்று ஆகிவிடும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம். சரசு அக்கா கையில் டம்ளரோடு வாசலில் வந்து நின்றாள். மாடத்தில் விளக்கைப் பார்த்ததும் அப்படியே திரும்பினாள்.

"ஏத்திட்டியா? ஒண்ணுமில்ல. அவருக்கு வயிறு சரியில்லன்னு மோரு கேட்டாரு. காலைல வாங்கிக்கிறேன்."

"நில்லுக்கா."

உள்ளே போனேன். மோர்ப்பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டேன். கல் உப்பும் ரெண்டு போட்டேன். கொண்டுவந்து நீட்டினேன்.

சரசு அக்கா வாங்கினாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். முந்தானையை இழுத்து டம்ளரை மூடினாள்.

"மூடாதக்கா," என்றேன். "தெரியட்டும்."